பிளாஸ்திரி ஒட்டிய விளக்கு

ரத்தினபாயின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்குக்குள் நுழைந்திருந்தன. வலது கையில் கட்டு வெட்டும் கத்தரி, இடது கையில் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரி. விடியற்காலை ஐந்து இருபது. அஸ்தினாபுரத்தில், தான் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் கீழே, அறுபத்தேழு வயதில், தன் காரின் மீட்டருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காயம் சின்னதுதான். வேக முள்ளுக்குக் கீழே, இன்ஜின் படம் போட்ட ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது. சனிக்கிழமையிலிருந்து எரிகிறது. ஆனால் வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, புகை இல்லை, சூடு இல்லை, முனகல் இல்லை. ஆக, நோயாளி நன்றாக இருக்கிறார், மானிட்டர்தான் கத்துகிறது. முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு இது தெரியாதா? விரலில் மாட்டிய கிளிப் கழன்றால்கூட, ஆள் போய்விட்டார் என்று ஊளையிடுகிற சாதனம் அது. "மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று பயிற்சிக்கு வந்த பெண்கள் காதில் ரத்தம் வரும்வரை சொன்னவள் அவள். காரும் ஓர் ஆள்தானே என்று முடிவு கட்டிவிட்டாள்.

காகிதப் பிளாஸ்திரியை ஒட்டினாள். மஞ்சள் வெளிச்சம் அதன் வழியாக இன்னும் அழகாகத் தெரிந்தது, கல்யாண வீட்டுத் தோரண பல்பு மாதிரி. பிரித்துப் போட்டாள். பையைத் துழாவிப் பழுப்பு நிறத் துணிப் பிளாஸ்திரியை எடுத்தாள். அந்தக் காலத்தில் ஒட்டினால் தோலோடுதான் வரும் என்று பேர் வாங்கிய சாதி. ஓர் அங்குல அகலம். அதில் ஒரு துண்டை வெட்டி அழுத்தினாள். விளக்கு போய்விட்டது. அதோடு பக்கத்திலிருந்த கறுப்பு இடமும் கொஞ்சம் மறைந்தது. கறுப்பில் என்ன இருந்துவிடப் போகிறது?

இந்தக் கட்டு அவளுக்காக இல்லை, லோகநாயகிக்காக.

இரண்டாம் மாடி லோகநாயகிக்கு ஐம்பத்தொன்பது வயது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறரைக்கு கேம்ப் ரோடு பக்கத்து டயாலிசிஸ் சென்டரில் இருக்க வேண்டும். ஆறே முக்காலுக்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைய மெஷின் காத்திருக்கும் வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு எப்போது இடம் கிடைக்கிறதோ அதுவரை வீங்கிய காலோடும் வாங்கும் மூச்சோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் மகள் எழில் ஒரு கம்பெனி வேலையில் இரவு இரண்டு மணிவரை அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டுப் படுக்கிறவள். அதனால் அழைத்துப்போகிற வேலையை முதல் மாடி ரத்தினபாய் தானாக எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

லோகநாயகிக்கு எதைப் பார்த்தாலும் பயம். போன சனிக்கிழமை முழுக்க வழியெல்லாம் அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். சென்டரில் ரத்த அழுத்தம் நூற்று எண்பது காட்டியது. வார்டில் இப்படிப்பட்ட நோயாளி இருந்தால் என்ன செய்வார்கள்? மானிட்டரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள். நோயாளி தன் இதயம் துடிப்பதைத் தானே எண்ணிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. காரின் மீட்டரைத் திருப்ப முடியாது. அதனால் பிளாஸ்திரி.

லோகநாயகி தலையணையும் போர்வையுமாக இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண் மீட்டருக்குப் போனது.

"சிஸ்டர், அந்த லைட்டு?"

"போயிடுச்சு."

"போயிடுச்சா, மூடிட்டீங்களா?"

"பார்க்கலேன்னா போன மாதிரிதான். கையைக் காட்டு."

லோகநாயகி இடது கையை நீட்டினாள். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடத்தில் ரத்தினபாய் இரண்டு விரலை வைத்தாள். உள்ளே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு இருக்க வேண்டும். இருந்தது. அது நின்றால் ஆபத்து. தினமும் வண்டி எடுக்குமுன் இதைப் பார்ப்பாள். வண்டியை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

ரத்தினபாய் கார் ஓட்டக் கற்றது அறுபத்தொன்றாம் வயதில். கணவர் போய்ப் பல வருஷமாகியிருந்தது. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவர் இரண்டாவது வாரத்தில் கழுத்துப் பட்டையோடு வந்தார். அது பழைய வலி என்று அவர் சொன்னார், அவளும் நம்பினாள். பிறகு ஒரு வெள்ளைச் சின்னக் காரைப் பழையதாக வாங்கினாள். அதோடு வந்த கையேடு இன்னமும் பிளாஸ்டிக் உறையோடு முன்பெட்டியில் கிடந்தது. மருந்துச் சீட்டைப் படிக்காமல் மாத்திரை விழுங்குகிறவர்களைத் திட்டியே வாழ்ந்தவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளியில் அவள் வாட்ச்மேனோடு தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போடும் ஒரு கிழவி. செவ்வாய், வியாழன், சனியில் டூட்டி. டூட்டி இருப்பதால்தான் மற்ற நாட்களும் ஓடின. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எழிலுக்குத் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் டயர் பஞ்சராகிச் சென்டருக்குக் கடைசி நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தபோது, எழில் மாடிப்படியில் நின்று மெதுவாகத்தான் சொன்னாள்:

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மாசத்துக்கு ஒரு கேப் பேசிடறேன். உங்களுக்கும் வயசாகுது."

"டயருக்குத்தான் வயசாச்சு" என்றாள் ரத்தினபாய். ஆனால் அன்றிலிருந்து அந்தக் 'கேப்' என்ற சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. மஞ்சள் விளக்கைப் பற்றி எழிலிடம் மூச்சு விடாததற்கும், மெக்கானிக்கிடம் காட்டாததற்கும் காரணம் அதுதான். காட்டினால் வண்டியை இரண்டு நாள் நிறுத்து என்பான். நிறுத்தினால் கேப் வரும். வந்த கேப் போகாது.

பிளாஸ்திரி ஒட்டிய பிறகு மூன்று வாரம் நிம்மதியாகப் போனது. லோகநாயகியின் ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தினபாய் தன் சிகிச்சையை எண்ணிப் பெருமைப்பட்டாள். செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்கும் அதே வண்டியில் போய் வந்தாள்.

இரண்டாவது வாரத்தில் ஹெட்லைட் மங்கலாகத் தெரிந்தது. இடது கண்ணில் புரை வளர்கிறது என்று முடிவு செய்து கண் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். மூன்றாவது வாரத்தில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்தது. தோள்பட்டை இறுகுகிறது என்று தைலம் தடவிக்கொண்டு, சுவரில் விரலால் ஏணி ஏறும் பயிற்சியை இருபது தடவை செய்தாள். ஹார்ன் கம்மலாகக் கேட்டது. காதில் அழுக்கு என்று எண்ணெய் விட்டாள். காருக்கு வந்த நோயை ஒவ்வொன்றாகத் தன் உடம்பில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து போட்டாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தனக்கு ரத்தசோகை என்று இரும்பு மாத்திரையும் தின்றிருப்பாள். மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றவள் ஆளையும் பார்க்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கார்த்திகை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். செம்பாக்கம் தாண்டும்போதே வைப்பர், மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல நின்று நின்று போனது.

"சிஸ்டர், வைப்பர் தூங்குதே."

"மழை கம்மி. அதுக்கு அவசரம் இல்ல."

"உங்க கண்ணு தெரியுதா?"

"அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறேன்."

"அடுத்த வாரம்வரைக்கும் நான் கண்ணை மூடிக்கறேன்" என்று லோகநாயகி நிஜமாகவே மூடிக்கொண்டாள்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலை நெருங்கும்போது மீட்டர் முள் எல்லாம் ஒருமுறை துடித்துப் படுத்தது. ஹெட்லைட் அணைந்தது. இன்ஜின் ஒரு விக்கல் விக்கி நின்றது. ரத்தினபாய் உருண்டுகொண்டிருந்த வேகத்திலேயே வண்டியைச் சாலையோரம் இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். உள்ளே 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினாள். அந்த டிக்கும் இல்லை.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. நேரம் இருந்தது. ஆனால் மழையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஆறு பத்து ஆனது, ஆறு இருபது ஆனது. லோகநாயகி தலையணையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் ரத்தினபாயை உறுத்தியது. திட்டுகிற நோயாளியைச் சமாளித்துவிடலாம். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றாள். ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"இன்னாமா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாகறதுக்கு இல்ல, பொழைக்கறதுக்கு. டயாலிசிஸ் பேஷன்ட் இருக்காங்க. ஆறே முக்காலுக்குள்ள கேம்ப் ரோடு போகணும்."

அவன் நின்றிருந்த காரைப் பார்த்தான், லோகநாயகியைப் பார்த்தான். "ஏறுங்க, ஏறுங்க. கார் வெச்சிக்கினு ஆட்டோல போறீங்க. நம்ம வண்டில லைட்டும் கிடையாது, மீட்டரும் கிடையாது, பேஜாரும் கிடையாது."

ஆறு நாற்பத்து மூன்றுக்குச் சென்டர் வாசலில் இறங்கினார்கள். காத்திருப்பு ஆள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் மேடையில் ஒரு காலை வைத்திருந்தார். லோகநாயகியைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க ரத்தினபாய்க்கு வெட்கமாக இருந்தது. ஊசி ஏற்றியதும்தான் லோகநாயகி வாயைத் திறந்தாள்.

"ரெண்டு நிமிஷம், சிஸ்டர்."

"தெரியும்."

"எழிலுக்கு சென்டர்ல இருந்து மெசேஜ் போயிருக்கும். வந்த டைம் போட்டு அனுப்புவாங்க."

அதுவும் தெரியும். வெளியே வந்து சாஜிதாவுக்குப் போன் செய்தாள்.

சாஜிதாவும் அவள் கணவன் மஹீனும் மாடம்பாக்கம் போகிற சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுப்பது மஹீன். ஸ்கேனரைக் கையில் வைத்திருப்பது சாஜிதா. "ராஜகீழ்ப்பாக்கமா? பேட்டரி எடுத்துக்கினு வரேம்மா, அரை மணி நேரம்" என்றாள்.

அந்த அரை மணி நேரத்தில் ரத்தினபாய் காருக்குத் திரும்பிப் போய் ஒரு காரியம் செய்தாள், அதாவது செய்யப் பார்த்தாள். பிளாஸ்திரியைச் சாஜிதா பார்க்குமுன் உரித்துவிட வேண்டும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். மூன்று வார வெயிலில் பசை உருகி இறுகியிருந்தது. துணி நூல் நூலாக வந்ததே தவிர, பிளாஸ்திரி வரவில்லை. தோலோடு வரும் சாதி என்று அவளே புகழ்ந்ததுதான். நகம் உடைந்தது. பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சாஜிதா பேட்டரியை மாற்றினாள். வண்டி கிளம்பியது. அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தாள். பிறகு ரத்தினபாயைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு அடிபட்டுச்சா?"

"லைட் கண்ணைக் குத்துச்சு."

சாஜிதா பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து ஒரே இழுப்பில் உரித்தாள். அடியில் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று அந்த மஞ்சள் இன்ஜின். பக்கத்தில் ரத்தினபாய் வெறும் கறுப்பு என்று நினைத்த இடத்தில் சிவப்பாக ஒரு பேட்டரிப் படம்.

"நீங்க கட்டுப் போட்டது ஒருத்தருக்கு. பக்கத்துப் பெட்காரரையும் சேர்த்துப் போர்த்திட்டீங்க" என்றாள் சாஜிதா.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. ஒன்பதுக்கு, அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டு எழில் வந்தாள். கண் சிவந்திருந்தது, இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு மெசேஜ் பார்த்தவளின் கண். சத்தம் போடவில்லை. அம்மாவைத் திரும்ப அழைத்துவர ஏற்கெனவே ஒரு கேப் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

"என்ன ஆச்சு ஆன்ட்டி?"

"டைனமோ போச்சாம். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தறது அதுதான். யாருக்கும் நடக்கறதுதான்."

"முன்னாடி லைட் ஏதும் வரலையா?"

ரத்தினபாய் வாழ்க்கையில் பல பொய்களைச் சொன்னதில்லை. சொன்ன சிலவும் நோயாளிகளுக்காகச் சொன்னவை. அதனால் பழக்கம் போதவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நேத்துதான் வந்துச்சு. இன்னைக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

சாஜிதா அப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒளிந்திருந்த ஓர் அகலமான பிளக்கில் ஸ்கேனர் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். இவர்கள் பேச்சைக் கவனித்தாளோ இல்லையோ, திரையில் வந்ததைத் தன் வழக்கப்படி உரக்கப் படித்தாள்.

"பி-ஜீரோ-ஃபைவ்-சிக்ஸ்-டூ. வோல்டேஜ் கம்மி. இதுக்குத்தான் முதல்ல மஞ்ச லைட் வந்திருக்கு. டைனமோ அப்பவே சோர்ந்துபோச்சு, அரையும் குறையுமா சார்ஜ் பண்ணியிருக்கு. ஹெட்லைட், வைப்பர், ஸ்டீயரிங் எல்லாம் பேட்டரியை உறிஞ்சிக்கினு ஓடியிருக்கு. முழுசா படுத்ததும் செவப்பு லைட் வந்திருக்கும். லைட் எரிய ஆரம்பிச்ச பிறகு ஓடின தூரம், இருநூத்திப் பதினாலு கிலோமீட்டர்."

ஒர்க்‌ஷாப்பில் எங்கோ ஸ்பானர் விழுந்தது.

"என்ன தூரம்?" என்றாள் எழில்.

"லைட் வந்தப்புறம் எவ்வளவு ஓட்டினாங்கன்னு வண்டியே எழுதி வெச்சுக்கும். எல்லா வண்டியும் எழுதும். நாமதான் கேக்கறதில்ல."

எழில் ரத்தினபாயைப் பார்த்தாள். "நேத்துலேர்ந்து இருநூத்திப் பதினாலு கிலோமீட்டரா ஆன்ட்டி? எங்க போனீங்க, விழுப்புரமா?"

ரத்தினபாய்க்குப் பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்து கசந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், பயிற்சிப் பெண் ஒருத்தி ஒரு நோயாளியின் சார்ட்டில் இரவு முழுக்க ஒரே வெப்பநிலையை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ரத்தினபாய் தெர்மாமீட்டர் டப்பாவைத் திறந்து காட்டினாள், மூடியில் தூசி. வார்டு முழுக்கக் கேட்க அந்தப் பெண்ணைக் கேட்டாள்: "நீ பார்த்து எழுதினியா, உட்கார்ந்து எழுதினியா?" அந்தப் பெண் அழுதாள். ரத்தினபாய் இரங்கவில்லை. இப்போது அவளுடைய சார்ட்டை ஒரு கார் எழுதி வைத்திருந்தது, கிலோமீட்டர் கணக்கோடு. அவள் உட்கார்ந்து எழுதியதை, பார்த்து எழுதிய கார் பொய்யென்று காட்டிவிட்டது.

"மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா எரியுது. உங்கம்மா பயப்படறாங்கன்னு மூடினேன். அது பாதி உண்மை. நீ கேப் போட்டுடுவியேன்னுதான் யாருக்கும் சொல்லல. அது மீதி."

எழில் அந்தப் பிளாஸ்திரித் துண்டைப் பார்த்தாள். சாஜிதா அதை டாஷ்போர்டு மேல் விரித்து வைத்திருந்தாள், அறுவை சிகிச்சையில் எடுத்த கல்லைச் சொந்தக்காரருக்குக் காட்டுவதுபோல.

"உங்க வார்டுல ஒரு நர்ஸ் இப்படிச் செஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒரு மாசம் பெட்பேன் கழுவ விட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் டூட்டி குடுப்பேன். ஆனா ஒவ்வொரு மணிக்கும் சார்ட்டைக் கொண்டுவந்து காட்டணும்."

எழில் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஒரு கேப்காரரை வரச் சொல்லியிருக்கேன், மாசத்துக்குப் பேச. அதுக்குள்ள நான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துவரப் போய்விட்டாள்.

மஹீன் டைனமோவைக் கழற்றி மாற்ற மதியம்வரை ஆனது. ரத்தினபாய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறு வருஷமாக உறையில் இருந்த கையேட்டைப் பிரித்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குகள் பக்கத்தை எடுத்தாள். புரியாத இடத்தில் சாஜிதாவைக் கேட்டாள்.

"செவப்பு வந்தா?"

"ஓரம் கட்டி நிறுத்திடுங்க. ஆயில் விளக்கு, சூடு விளக்கு வந்தா உடனே ஆஃப் பண்ணணும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தலாம்னு நினைச்சா இன்ஜினைத் தூக்கிப் போடணும்."

"மஞ்சள்?"

"ரெண்டு நாள்ல கொண்டு வந்து காட்டுங்க. ஆனா மஞ்ச இன்ஜின் லைட்டே விட்டு விட்டு மின்னினா காத்திருக்கக் கூடாது. மெதுவா ஓரம் கட்டிப் போன் பண்ணுங்க."

"ஆக, சிவப்பு கேஷுவாலிட்டி. மஞ்சள் ஓ.பி. மின்னினா ஓ.பி. வரிசையில மயங்கி விழுந்தவன்."

"அவ்ளோதான்மா. இதுல என்ன கஷ்டம்?" என்றாள் சாஜிதா. அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

"இன்னொண்ணு" என்று அவள் சாவியைப் பாதி மட்டும் திருப்பிக் காட்டினாள். இன்ஜின் கிளம்பவில்லை; மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. "வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி இப்படி நிறுத்தினா எல்லாரும் கையைத் தூக்கணும். யாராவது தூக்கலேன்னா அந்த லைட்டே செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணினதும் எல்லாரும் கையை இறக்கிடணும். இறக்காதவர்தான் நோயாளி."

காலை டூட்டி மாறும்போது வருகைப் பதிவு எடுப்பதுபோல. இத்தனை நாளாக அந்த வண்டி தினமும் காலையில் வருகைப் பதிவு கொடுத்திருக்கிறது. ஹெட் சிஸ்டர் தினமும் முகம் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

மாலையில் வண்டியோடு வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் லோகநாயகி எதிரே வந்தாள், டயாலிசிஸ் முடிந்த சோர்வோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"எழில் நல்லாத் திட்டினாளா?"

"இல்ல."

"அப்போ கோபம்தான்" என்றாள் லோகநாயகி. "எனக்கு கேப்ல போக இஷ்டமில்ல சிஸ்டர். அவனுக்குக் கையில பூனை உறுமுதான்னு பார்க்கத் தெரியாது. ஆனா நீங்க இனிமே எதையும் மூடாதீங்க. பயமா இருந்தா நான் கண்ணை மூடிக்கறேன். அது என் வேலை."

நோயாளி தன் மருந்தைத் தானே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் புதன்கிழமை. டூட்டி இல்லாத நாள். ரத்தினபாய் ஆறு மணிக்கே கீழே இறங்கினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கப் போனவள், கையேடு நினைவுக்கு வந்து, அதில் பார்த்தாள். மீட்டர் மூடியில் ஸ்பிரிட் படக் கூடாது என்றிருந்தது. முதல் முறையாக, செய்வதற்கு முன்னால் படித்தாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் பிளாஸ்திரிப் பசையை மெதுவாகத் தேய்த்து எடுத்தாள். அரை மணி நேரம் ஆனது. பசையின் பழுப்பு ஓரம் ஒன்று மட்டும் போகவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு நீளமான நோட்டை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். வார்டில் போடுவதுபோலக் கோடு கிழித்துக் கட்டங்கள் போட்டாள். தேதி, நேரம், விளக்கின் பெயர், சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்ததும், குறிப்பு, கையெழுத்து. சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணி எழுதினாள். வண்டியைக் கிளப்பினாள். ஒவ்வொன்றாக அணைந்தன. இன்ஜின், அணைந்தது. பேட்டரி, அணைந்தது. ஆயில், அணைந்தது. கை தானாகவே கடைசிக் கட்டம்வரை 'அணைந்தது' என்று எழுதிக்கொண்டே போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விளக்கு அணையவில்லை. சிவப்பில் பெல்ட் போட்ட ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

முப்பத்தாறு வருஷத்துக் கை இன்னும் உட்கார்ந்துதான் எழுதுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வார்டு வழக்கப்படி, அழிக்காமல், தப்பின்மேல் ஒரே கோடு இழுத்துப் பக்கத்தில் முதலெழுத்தைப் போட்டாள். அதன் கீழே எழுதினாள்: 'சீட் பெல்ட் விளக்கு எரிகிறது. காரணம்: ஓட்டுபவர் பெல்ட் போடவில்லை.' பெல்ட்டை இழுத்து மாட்டினாள். விளக்கு அணைந்தது. அதையும் நேரம் குறித்து எழுதினாள்.

எட்டே முக்காலுக்கு இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். எழில் தூக்கக் கண்ணோடு திறந்தாள். ரத்தினபாய் நோட்டை நீட்டினாள்.

"இது இன்னைக்கு. ஒவ்வொரு டூட்டி நாளும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எழுதி, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பறேன். மஞ்சள் வந்தா அன்னைக்கே சாஜிதாகிட்ட விட்டுட்டு, நானே உங்கம்மாவை ஆட்டோல கூட்டிட்டுப் போறேன். சிவப்பு வந்தா உனக்குத்தான் முதல் போன்."

எழில் நிலைப்படியில் சாய்ந்து முழுப் பக்கத்தையும் படித்தாள். கோடு போட்டு அடித்த இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"உட்கார்ந்து எழுதினது. கீழே இருக்கறது பார்த்து எழுதினது."

கீழே தெருவில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. கேப்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். எழில் நோட்டை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, மாசத்துக்கு வேணாம். நம்பர் இருக்கட்டும், அவசரம்னா கூப்பிடறேன்."

திரும்பி வந்து பேனாவை வாங்கி, கடைசிக் கட்டத்தில், மேற்பார்வை என்று ரத்தினபாய் எழுதாத ஒரு சொல்லைத் தானே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு அம்மா அஞ்சே காலுக்கு ரெடியா இருப்பாங்க ஆன்ட்டி. போட்டோ அஞ்சு மணிக்கு வரணும்."

"நீ ரெண்டு மணிக்குத்தானே படுப்பே. அஞ்சு மணிக்கு யார் பார்க்கப் போறா?"

"எழுந்து பார்ப்பேன்" என்றாள் எழில். "ஒரு மாசத்துக்கு."

ரத்தினபாய் நோட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். பாதிப் படியில் நின்று, கண் மருத்துவருக்குப் போன் செய்து, வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தாள். தைலப் புட்டியைக் கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுத்தாள். அவருக்கு நிஜமாகவே தோள் வலி இருந்தது.